தாழ்கிளை மரமும் நம் வீட்டு முற்றமும்

(கோடம்பாக்கத்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கிளைகள் தாழ்ந்து தொங்கும் ஊசியிலை மரத்தை வீட்டுத் தோட்டத்தில் வளர்த்துப் பேணுவது எவ்வாறு என்பது குறித்துப் பேசுமாறு இக்கூட்டத்தார் என்னைப் பணித்துள்ளார்கள். நான் தாவரவியல் கற்றுப் பட்டம் பெற்றவன் அல்லேன். மரக்காணத்துக்கு அருகே கடலோரச் சிற்றூர் ஒன்றில் சவுக்குத் தோப்பு வைத்திருந்த ஒரு குடியானவரின் மகன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கோடம்பாக்கத்தில் குடியிருந்து, வீட்டின் முன்னே 9 அடியும் பின்னே 12 அடியுமாகக் கிடைத்த மண்ணில் மரமும் செடியும் வளர்த்து வருகிறேன். வளர்த்தவற்றைப் போலவே சாகவிட்டவையும் பல. ஆதலால் இன்று நான் கூறப்போகும் செய்திகளிற் பாதி, என் பிழைகளிலிருந்து நான் கற்றவை என்று கொள்ளுங்கள்.

கொடைக்கானலிற் பிறந்த ஆசை

நம்மிற் பலருக்கு இந்த ஆசை மலைச் சுற்றுலாவில் பிறக்கிறது. எங்கள் வீட்டிலும் அவ்வாறே பிறந்தது. கொடைக்கானலுக்குச் சென்றிருந்தபோது பைன் காட்டினூடே என் மனைவி நின்று, மெல்லிய நீண்ட இலைகள் விரித்த கூந்தலைப் போலத் தொங்குவதைக் கண்டு, "இதில் ஒன்று நம் வாசலில் நின்றால் எப்படியிருக்கும்!" என்றாள். மெக்ஸிகோ நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு நீலகிரியிலும் பழனி மலையிலும் நடப்பட்ட பைன் வகைகளுள், இலை தொங்கும் இயல்புடைய 'பட்டுலா' என்னும் வகையும் ஒன்று. பெரும்பாலும் மும்மூன்றாகக் கற்றைகட்டிய அதன் இலைகள் ஓர் அடி ஸ்கேலின் பாதி நீளத்துக்கும் மேலாக வளர்ந்து, தம் எடையைத் தாமே தாங்கமாட்டாமல் கீழ்நோக்கி வீழ்கின்றன.

ஆங்கிலேயர் இத்தகைய மரங்களை 'அழும் மரம்' என்று அழைப்பர். நம் மக்கள் மரம் அழுவதாகச் சொல்லும் வழக்கம் இல்லை. பழம் நிறைந்த கிளை தாழ்ந்தால் பணிவு என்போம். கதிர் முற்றிய நெல் தலைசாய்த்தால் விளைச்சல் என்போம். ஆகவே நான் இதனைத் 'தாழ்கிளை மரம்' என்றே இன்று குறிப்பிடுகிறேன்.

ஊர் திரும்பியதும் நகரத்துச் செடிப் பண்ணை ஒன்றில் கேட்டோம். பைன் இல்லை, ஆனால் கிளை தொங்கும் சைப்ரஸ் கன்று உண்டு என்றார்கள். வாங்கி நட்டோம். மார்கழியும் தையும் அழகாக நின்றது. பங்குனியில் உள்ளிலைகள் பழுத்தன. வைகாசியில் முழுவதும் காய்ந்தது. நீர் போதவில்லை என்று எண்ணி, மறு ஆண்டு வாங்கிய கன்றுக்கு நாள்தோறும் இருவேளை நீர் ஊற்றினோம். அது சித்திரையிலேயே மாண்டது. மூன்றாவது கன்றும் போன பின்னரே, 'நாம் செய்த தவறு என்ன?' என்று ஆராயத் தலைப்பட்டேன்.

ஊசியிலை மரம் என்பது யாது?

ஊசியிலை மரங்கள் பூவாத் தாவரங்கள். இவற்றின் விதைகள் கனியினுள் மூடப்படாமல் கூம்புகளின் செதில்களிடையே அமைந்திருக்கும். பூக்கும் தாவரங்கள் உலகை நிரப்புவதற்கு முன்னரே தோன்றிய தொன்மையான இனம் இது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்குச் சென்றவர்கள் அங்கே ஓடையின் குறுக்கே 18 மீட்டர் நீளமுள்ள கல்லாய்ப்போன அடிமரம் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஊசியிலை இன மரம் அது. 1940ஆம் ஆண்டில் நிலவியல் அறிஞர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் அவர்கள் அதனை உலகுக்கு அறிவித்தார். எனவே இந்த இனம் நம் மண்ணுக்கு முற்றிலும் அந்நியம் என்று கூற இயலாது. ஆனால் இன்றைய நம் சமவெளி அதற்கு ஏற்றதாக இல்லை. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை இன மரம் ஒன்றே ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வளரும் போடோகார்ப் வகை அது. அதன் இலையோ ஊசிபோலின்றி அகன்றிருக்கும்.

இயல்பாகவே கிளை தாழும் ஊசியிலை மரங்கள் நம் நாட்டின் வடக்கில் உண்டு. இமயமலைத் தேவதாருவின் நுனிக் கிளைகள் சற்றே வளைந்து தொங்கும். பூட்டானிலும் அருணாசலப் பிரதேசத்திலும் வளரும் ஒருவகைச் சைப்ரஸின் சிறுகிளைகள் திரைச்சீலைபோல் நீண்டு தொங்குவதால், புத்த மடாலயங்களின் முன்றிலில் அதனை விரும்பி வளர்க்கிறார்கள். மேல்நாட்டுத் தோட்டங்களில் காணும் பல தாழ்கிளை வகைகளோ ஒட்டுக் கட்டி உண்டாக்கப்பட்டவை. நிமிர்ந்த அடிமரத்தின்மேல் தொங்கும் இயல்புள்ள கிளையை ஒட்டி, ஊன்றுகோல் கொடுத்து உயரச் செய்கிறார்கள். ஊன்றுகோல் இல்லையேல் அவை தரையிற் படர்ந்துவிடும்.

மலைமரம் நம்மூரில் மாள்வது ஏன்?

இதற்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது வெப்பம். கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. நமக்கு அடுத்துள்ள நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 2003ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் 45 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. பகல் வெப்பத்தையேனும் சில மரங்கள் பொறுத்துக்கொள்ளும். இரவிலும் குறையாத வெக்கையே பெருந்தீங்கு. பகலில் இலை சமைத்த உணவை மரம் இரவில் மூச்சுவிட்டுச் செலவழிக்கிறது. குளிர்ந்த இரவில் செலவு குறைவு. வெக்கையான இரவில் செலவு மிகுதி. வரவைவிடச் செலவு மிகுந்த குடும்பத்தைப் போல மலைமரம் இங்கே மெல்ல மெல்ல நலிகிறது.

இரண்டாவது வேர். பைன் முதலிய மரங்களின் வேரோடு ஒருவகைப் பூசணம் கூடி வாழ்ந்து, மண்ணிலுள்ள சத்துக்களை வாங்கித் தருகிறது. காற்றோட்டமும் சிறிது புளிப்புத் தன்மையும் உள்ள குளிர்ந்த மண்ணில் இக்கூட்டுறவு செழிக்கும். கட்டட இடிபாடும் சுண்ணாம்பும் கலந்த நம் வீட்டு மண்ணில் அது நிலைப்பது அரிது.

மூன்றாவது நீர் தேங்குதல். நமக்கு அண்மையிலுள்ள தியாகராய நகர், 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்டது என்பது நீங்கள் அறிந்ததே. ஏரியைச் சார்ந்த இப்பகுதிகளில் பல இடங்களில் மண் களிப்பாங்கானது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. வேர் அழுகிய மரம் உடனே வாடுவதில்லை. கார்த்திகையில் அழுகிய வேரின் விளைவு பங்குனி வெயிலில்தான் இலையில் தெரியும். நாமோ வெயிலாற் காய்ந்தது என்று எண்ணி மேலும் நீர் ஊற்றிக் கொல்லுகிறோம். என் இரண்டாவது கன்று இவ்விதமே மாண்டது.

நான்காவது ஆழ்துளைக் கிணற்று நீர். உப்பும் கடினத்தன்மையும் கொண்ட நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால், இலைநுனி கருகும், மண்ணும் இறுகும்.

ஆகவே அன்பர்களே, தொங்கும் பைனையும் மலைச் சைப்ரஸையும் கோடம்பாக்கத்தில் நட வேண்டா என்பதே என் முதல் வேண்டுகோள். அவற்றை மலையிற் கண்டு மகிழ்வோம். மலையிலும் அவை பெருகியதால் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் சுருங்கின என்று இன்று வனத்துறையினரும் அறிஞர்களும் கவலைப்படுவதையும் நாம் மறத்தல் ஆகாது. ஒரு மரம் அழகியதாக இருப்பது வேறு; ஓர் இடத்துக்கு ஏற்றதாக இருப்பது வேறு.

தொட்டியில் வளர்க்க விரும்புவோர்க்கு

'ஊசியிலை மரம் ஒன்றேனும் வேண்டும்' என்று பிடிவாதமாக விரும்புவோர்க்கு வழி இல்லாமற் போகவில்லை. தூஜா என வழங்கும் செடியும், சில ஜூனிபர் வகைகளும், கிறிஸ்துமஸ் மரம் என்ற பெயரில் விற்கப்படும் அரக்கேரியாவும் சென்னையில் ஓரளவு வாழ்கின்றன. இவை தாழ்கிளை மரங்கள் அல்ல. எனினும் பச்சை மாறாதவை. அரக்கேரியா பசிபிக் கடலிலுள்ள நியூ கலிடோனியாத் தீவுகளுக்கு உரியது. அது எந்நாட்டில் நட்டாலும் பெரும்பாலும் நிலநடுக்கோட்டுப் பக்கமாகச் சாய்ந்து வளர்வதை 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆதலால் உங்கள் வீட்டு அரக்கேரியா தெற்கு நோக்கிச் சாய்ந்தால் கவலை கொள்ள வேண்டா. ஆனால் அது பெருமரமாக ஓங்கும் இனம் என்பதை நினைவிற் கொண்டு, சிறு முற்றத்தில் தரையில் நடாமல் தொட்டியிலேயே வைத்திருங்கள்.

தொட்டிச் செடிக்கு நான் கைக்கொள்ளும் முறை இது. அடியில் துளையுள்ள மண்தொட்டியே நல்லது. துளையின்மேல் ஓட்டுச்சில்லை வைத்து, இரண்டங்குலம் செங்கல் துண்டுகளைப் பரப்ப வேண்டும். செம்மண், ஆற்றுமணல், மட்கிய இலையுரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்ப வேண்டும். காலை வெயில் படுவதும் பிற்பகல் வெயில் மறைவதுமான கிழக்குப் பக்கத்தில் தொட்டியை வைக்க வேண்டும். நீர் ஊற்றுமுன் விரலை மண்ணுள் இரண்டங்குலம் செலுத்திப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று நீர் வேண்டா. கோடையில் காலைவேளையில் இலைகளின் அடிப்புறத்திலும் நீர் தெளித்தால், வறண்ட வெப்பத்திற் பெருகும் சிலந்திப்பேன் கட்டுப்படும். மீறினால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

கத்தரிப்பதில் ஓர் எச்சரிக்கை. வேம்பையும் புங்கையும் எங்கே வெட்டினாலும் துளிர்க்கும். ஊசியிலை இனங்களிற் பெரும்பாலானவை அவ்வாறல்ல. பச்சை இலையுள்ள பகுதிக்குள்ளேயே நுனியைக் கிள்ள வேண்டும். இலையற்ற பழைய கட்டையில் வெட்டினால் அந்தக் கிளை மீண்டும் தழைக்காது.

சவுக்கு: தோற்றத்தில் ஊசியிலை

இனி நம் கடற்கரைக்கு வருவோம். தாழ்ந்து தொங்கும் மெல்லிய பச்சை இழைகள், காற்றில் எழும் ஓலம், சிறு கூம்புபோன்ற காய்கள் என இத்தனையும் கொண்ட மரம் ஒன்று நம் கண்முன் நிற்கிறது. அதுதான் சவுக்கு. காண்போர் பலரும் இதனை ஊசியிலை மரமென்றே எண்ணுவர். உண்மையில் இது பூக்கும் தாவரம். இலையென்று நாம் நினைக்கும் பச்சை இழை, கணுக்கள் உடைய மெல்லிய சிறுகிளையே. ஒரு கணுவைப் பிடித்து இழுத்துப் பிரித்துப் பார்த்தால், பற்களைப் போன்ற நுண்ணிய செதில்கள் வட்டமாகத் தெரியும். அவையே இலைகள். இலையை இவ்வளவு சிறிதாக்கிக் கொண்டதால்தான் உப்புக் காற்றிலும் சுடுமணலிலும் இம்மரம் நீரைச் சிக்கனமாகச் செலவிட்டு வாழ்கிறது. இதன் வேர் முடிச்சுகளில் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் தங்கிக் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சத்தாக மாற்றித் தருகிறது. வளமற்ற மணலிலும் சவுக்கு விரைந்து வளர்வதன் இரகசியம் இதுவே.

இரயில் எஞ்சின்களுக்கும் சென்னை நகரின் அடுப்புகளுக்கும் விறகு வேண்டி 19ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையெங்கும் இது பயிரிடப்பட்டது. இன்று காகித ஆலைகளுக்கு மரக்கூழாகவும், கட்டடச் சாரத்துக்கும் பந்தலுக்கும் கழியாகவும் பயன்படுகிறது. என் தந்தையார் இரண்டு ஏக்கரில் சவுக்கு வைத்திருந்தார். ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 கன்றுகள். நான்கைந்து ஆண்டுகளில் ஒரு வெட்டு. அந்த வெட்டுக் கூலியில்தான் என் தமக்கையின் திருமணம் நடந்தது. நான் பள்ளிப் படிப்பை முடித்ததும் அதிலேதான். லாரியில் கழி ஏற்றும்போது, "இதெல்லாம் எங்கே போகிறது, அப்பா?" என்று கேட்பேன். "கோடம்பாக்கத்துக்குப் போகிறது. அங்கே இதைக் கட்டித்தான் அரண்மனை எழுப்புகிறார்கள்" என்பார். படப்பிடிப்பு நிலையங்களின் அரங்கங்களைத்தான் அவர் குறிப்பிட்டார். இந்தக் கோடம்பாக்கத்தை நான் முதன்முதல் அறிந்தது எங்கள் ஊர்ச் சவுக்குக் கழியின் வாயிலாகத்தான்.

கடற்கரைக்குச் சவுக்கு அரணாகவும் நிற்கிறது. நாகப்பட்டினம் மாவட்டத்து நாலுவேதபதி மக்கள் 2002ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரே நாளில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகளை நட்டு, கின்னஸ் ஏட்டில் இடம் பெற்றார்கள். அவற்றிற் சவுக்கு மிகுதி. இரண்டே ஆண்டுகளில், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, அந்த மரவரிசை அலையின் வேகத்தைத் தணித்தது. அண்டை ஊர்களோடு ஒப்பிடுகையில் அங்கே உயிர்ச்சேதம் மிகக் குறைவு.

என் வீட்டில் நேர்ந்தது

இத்தனை பெருமையுள்ள மரத்தை என் வீட்டில் நடாமல் இருப்பேனா? தந்தையார் மறைந்த ஆண்டில் ஊரிலிருந்து ஒரு சவுக்குக் கன்றைக் கொணர்ந்து பின்புறச் சுவரின் அருகே நட்டேன். என் மனைவி கொடைக்கானலில் விரும்பிய அந்தத் தொங்கும் பசுமை எங்கள் வீட்டிலேயே கிடைத்தது. மாடியின் உயரத்தையும் கடந்து வளர்ந்தது. இரவில் அதன் ஓசை கேட்டால் ஊர்க் கடற்கரை நினைவுக்கு வரும்.

இடையில் நாங்கள் இரண்டு காரியங்கள் செய்தோம். சேறாகிறதென்று மரத்தின் அடிவரை சிமெண்டு ஓடு பதித்தோம். கழிவுநீர்க் குழாய் அமைக்க ஒருபுறத்து வேர்களை வெட்டினோம். 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் நகரைத் தாக்கிற்று. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் அடித்த காற்றில் நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. என் சவுக்கும் வேரோடு பெயர்ந்து, அடுத்த வீட்டுச் சுவரின்மேல் விழுந்தது. அவ்வமயம் அப்பக்கத்தில் எவரும் இல்லாதது எங்கள் நல்வினை.

மறுநாள் காலையில் அவ்வீட்டுப் பெரியவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "சுவரை இருவரும் சேர்ந்து கட்டிவிடலாம், தம்பி. மரமே வைக்காதீர்கள் என்றும் நான் சொல்லவில்லை. இந்த இடத்துக்குத் தகுந்த மரமாகப் பார்த்து வையுங்கள்" என்றார்.

பெயர்ந்து கிடந்த அடிப்பகுதியைப் பார்த்தபோது எனக்கு உண்மை புலப்பட்டது. குழாய்ப் பக்கத்தில் பெருவேர் ஒன்றுகூட இல்லை. ஓடு பதித்த பக்கத்தில் வேர்கள் காற்றின்றி மெலிந்து கிடந்தன. தவறு மரத்தினுடையதன்று, என்னுடையது. ஆயினும் எங்கள் தெருவில் அப்புயலுக்குப் பின் நிகழ்ந்ததுதான் மேலும் வருந்தத்தக்கது. விழாமல் நின்ற மரங்களையும் அச்சத்தால் பலர் வெட்டினார்கள். அடுத்த சித்திரையில் எங்கள் தெருவில் நிழலின்றிப் போயிற்று. காய்கறி விற்கும் அம்மாள் தம் தள்ளுவண்டியை நிறுத்த இடமில்லாமல் தெருமுனையில் குடை கட்டிக்கொண்டார். மரம் வேண்டுமா, வேண்டாவா என்று வாதிடுவதில் பொருளில்லை. எந்த மரத்தை எங்கே எவ்விதம் நடுவது என்பதே கேள்வி.

சவுக்கைத் தனிமரமாக வளர்க்கக் கட்டடத்திலிருந்து இருபதடியேனும் விலகிய திறந்த நிலம் வேண்டும். பண்ணை வீடுகளுக்கும் கிராமத்துப் பள்ளி மைதானங்களுக்கும் அது தகும். சிறு முற்றத்தில் அதனை வேலிச் செடியாக மட்டும் வளர்க்கலாம். ஓர் அடிக்கு ஒரு கன்றாக நட்டு, மாதம் ஒருமுறை கத்தரித்து, நாலடி உயரத்தில் நிறுத்தினால் அடர்ந்த பசுஞ்சுவராகும். பட்டையில் கொப்புளம் எழுந்து வெடித்துக் கரித்தூள் போன்ற பொடி தென்பட்டால் அது கொப்புளப்பட்டை நோய். அச்செடியை வேரோடு அகற்றி அப்புறப்படுத்துவதே தக்க வழி.

நெட்டிலிங்கம்: நம் நாட்டுத் தாழ்கிளை மரம்

அவ்வாறாயின் ஒன்பதடி முற்றத்துக்கு உரிய தாழ்கிளை மரம் எது? தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய நெட்டிலிங்கமே என்பது என் அனுபவ முடிவு. பலர் இதனை அசோக மரம் என்று தவறாக அழைப்பர். உண்மை அசோகம் செந்நிறப் பூங்கொத்து உடைய வேறு மரம். நெட்டிலிங்கத்தில் இரு வடிவங்கள் உண்டு. ஒன்று கிளை பரப்பி நிழல் தருவது. மற்றொன்று கோபுரம்போல் ஒடுங்கி ஓங்கி, கிளைகள் யாவும் அடிமரத்தை ஒட்டிக் கீழ்நோக்கித் தொங்குவது. இந்த இரண்டாவது வடிவமே நாம் விரும்பும் தாழ்கிளை மரம். ஊசியிலை இல்லை என்ற ஒரு குறையைத் தவிர, ஆண்டு முழுதும் பசுமை, தொங்கும் அழகு, குறைந்த இடம் ஆகிய மூன்றும் இதில் உள்ளன.

நடும் முறையைக் கூறுகிறேன்.

1. காலம்: ஆடி பிற்பகுதி முதல் புரட்டாசி வரை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர் ஊன்றிவிட வேண்டும்.

2. இடம்: சுவரிலிருந்து 5 அடி விலகியிருக்க வேண்டும். மேலே மின்கம்பியோ, கீழே குழாயோ இல்லாத இடமாகப் பாருங்கள். வரிசையாக நடுவோர் மரத்துக்கு மரம் 6 அடி விடலாம்.

3. குழி: நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி. தோண்டிய குழியை ஒரு வாரம் வெயிலில் ஆறவிட வேண்டும். கட்டட இடிபாட்டைப் பொறுக்கி எறிந்து, மண் இரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்ப வேண்டும். களிமண்ணாயின் ஒரு பங்கு மணலும் சேர்த்து, அவ்விடத்தைச் சற்று மேடாக்க வேண்டும்.

4. கன்று: நான்கடிக் கன்றைவிட இரண்டடிக் கன்றே சிறந்தது. பையில் நெடுங்காலம் கிடந்த பெரிய கன்றின் வேர் வட்டமாகச் சுருண்டிருக்கும். அத்தகைய மரம் மேலே செழித்தாலும் நிலத்திற் பற்றுக் கொள்ளாது. புயலில் முதலில் விழுவது அதுவே. பையைக் கிழித்து, சுருண்ட வேர் இருப்பின் நறுக்கிவிட்டு நடுங்கள்.

5. நீர்: முதல் மாதம் மழையில்லா நாள்களில் தினமும், பின்னர் வாரம் இருமுறை. இரண்டு கோடைகள் கடந்தபின் மரம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். நீரை அடிமரத்தின்மேல் ஊற்றாமல், ஓரடி தள்ளி வட்டப்பாத்தி கட்டி விட வேண்டும். வேர் நீரைத் தேடி வெளிப்புறம் செல்லும்.

6. மூடாக்கு: உதிர்ந்த இலைகளைக் கொளுத்தாமல் பாத்தியிலேயே இரண்டங்குலம் பரப்புங்கள். ஓடும் சிமெண்டும் மரத்தின் அடியை நெருங்க விடாதீர்கள். மூன்றடிச் சதுர மண்ணையேனும் மரத்துக்கு விட்டு வையுங்கள்.

7. கத்தரித்தல்: நுனிக்குருத்தை ஒருபோதும் வெட்ட வேண்டா. வெட்டினால் பல தலைகள் கிளம்பி, வடிவமும் கெடும். பிளவுபடும் அபாயமும் உண்டு. காய்ந்த கிளைகளை மட்டும் புரட்டாசியில், மழைக்கு முன், நீக்குங்கள்.

இலைகளைப் புழு தின்கிறதென்று சிலர் மருந்து தெளிக்கிறார்கள். பச்சைப் புள்ளிகள் உடைய வாலழகி வண்ணத்துப்பூச்சியின் புழு அது. நெட்டிலிங்க இலை அதற்குத் தாய்ப்பால் போன்றது. சில இலைகள் போனால் மரம் சாகாது, விட்டுவிடுங்கள். பழங்களை வௌவாலும் குயிலும் தின்று விதையை உதிர்க்கும். அவ்விதை நெடுநாள் உயிர்ப்புடன் இராது. ஆதலால் பொறுக்கிய சில நாள்களுக்குள் மணற்பாத்தியில் ஊன்ற வேண்டும்.

2017ஆம் ஆண்டு ஆவணியில், சவுக்கு நின்ற இடத்திலிருந்து ஐந்தடி தள்ளி, நானும் அண்டை வீட்டுப் பெரியவருமாகச் சேர்ந்து இரண்டு நெட்டிலிங்கக் கன்றுகளை நட்டோம். இன்று அவை மாடியின் கைப்பிடிச் சுவரை எட்டியுள்ளன. விழவே விழாத மரம் என்று ஒன்று உலகில் இல்லை. இவையும் ஒரு நாள் விழக்கூடும். வேருக்கு இடம் விடுவதும், ஆண்டுதோறும் மழைக்கு முன் சாய்வையும் பட்டை வெடிப்பையும் சோதிப்பதும் நம் கடமை. அதைச் செய்தால் அபாயம் பெரிதும் குறையும்.

கிராமத்துக்கு இதில் என்ன?

நகரத்து முற்றத்தைப் பற்றிய இப்பேச்சில் கிராமத்துக்கு என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நகரத்தார் எதை வாங்குகிறார்களோ அதைத்தான் சிற்றூர் நாற்றங்கால்கள் வளர்க்கும். நாம் மலைச் சைப்ரஸைக் கேட்டால் அது எங்கிருந்தோ வந்து, நம் பணத்தை விழுங்கி, ஆறே மாதத்தில் காய்ந்துபோகும். நெட்டிலிங்கத்தையும், புங்கையும், மகிழத்தையும் கேட்டால், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டச் சிற்றூர்களில் விதை பொறுக்கிக் கன்று வளர்க்கும் பெண்களுக்கு வருவாய் கிட்டும். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவதை நோக்கமாகக் கொண்டது. அந்நோக்கம் நிறைவேற நாற்றங்கால் வளர வேண்டும். அது வளர நல்ல விலை கொடுத்து வாங்குவோர் வேண்டும்.

சவுக்குக் குடியானவர்க்கும் ஒரு சொல். நாற்றங்காலில் விதையை மணலோடு கலந்து தூவுங்கள். எறும்பு இழுத்துப் போகாமல் காவல் செய்யுங்கள். தோப்பின் ஓரத்தில் காற்றைத் தடுக்கும் வேற்று மரங்களையும் வரிசையாக வையுங்கள். 2018ஆம் ஆண்டு நவம்பரில் வேதாரணியம் கரையைக் கடந்த கஜா புயல் தென்னையையும் சவுக்கையும் தரைமட்டமாக்கியதை மறக்க இயலாது. ஒரே வகை மரத்தை மட்டும் நம்பியவர்களுக்கே இழப்பு மிகுதி. கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் விரைந்து வளரும் சவுக்கு ரகங்களை வெளியிட்டுள்ளது. புதிதாக நடுவோர் அங்கே விசாரித்து நல்ல கன்றைப் பெறுவது நலம்.

அன்பர்களே! என் மனைவி கொடைக்கானலில் விரும்பிய மரம் எங்கள் வாசலுக்கு வரவில்லை. ஆனால் சென்ற ஆனி மாதம் ஒரு காலைப்பொழுதில் நெட்டிலிங்கத்தின் தொங்கும் இலைகளிடையே குயில் ஒன்று பழம் கொத்திக்கொண்டிருக்க, அவள் கீழே உதிர்ந்த விதைகளைப் பொறுக்கி ஒரு தட்டில் சேர்த்தாள். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகள் பதினெட்டு. அவற்றை இந்த மேடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இடமுள்ளவர்கள் ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். எடுத்துச் செல்வோர் மூன்றடிச் சதுர மண்ணை மட்டும் அதற்கு விட்டு வைப்பதாக வாக்களித்தால் போதும்.